வாசிக்க மட்டும்

"மனிதனை மரணம் அழிக்கலாம். அவனைப் பற்றி எழுதியதை எவராலும் அழிக்க முடியாது."

இரங்கல் கூட்டத்து மைக்கில் கணீரென்று சொல்லிவிட்டு, ஓய்வூதியர் சங்கச் செயலாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

தாளில் சங்கரபாண்டியன் இல்லை. போன வருஷம் போய்ச் சேர்ந்த மாசிலாமணி இருந்தார்.

சங்கத்தில் யார் இறந்தாலும் ஒரே இரங்கல் உரைதான். பெயர் மட்டும் மாறும்.

செயலாளரின் கோப்புகளையெல்லாம் அவர் மாப்பிள்ளை பிரதியெடுத்து, யாரும் கைவைக்க முடியாதபடி 'வாசிக்க மட்டும்' என்று பூட்டி வைத்திருந்தார். போன மாதம் கணினி படுத்தது. மீட்புச் செயலி அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்தது.

பூட்டையும் சேர்த்து.

இந்தத் தடவை பெயரை மாற்றுவதோடு அவர் நிறுத்தவில்லை. பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு எழுதினார்.

சங்கரபாண்டியன் அடுத்தவன் டிபன் பாக்ஸில் கைவைக்கிறவன். இவர் சஸ்பென்ஷனில் கிடந்த காலம் முழுக்க, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போனவனும் அவன்தான்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சஸ்பெண்ட் ஆனதைப் பற்றியே பேசியதில்லை.

எழுதி முடித்துச் சேமிக்கப் போனார். இது வாசிக்க மட்டும், வேறு பெயரில் சேமிக்கவா என்று கணினி கேட்டது.

செயலாளரிடமே கேள்வியா?

வேண்டாம் என்று அழுத்தினார்.

அந்தக் கோப்பை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தான் எழுதியதைத் தானே சரிபார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

இப்போது மைக் காத்திருந்தது.

அரிசி மூட்டையைச் சொல்லத் தாள் எதற்கு?

வாயைத் திறந்தார். முன்வரிசையில் பழைய ஆபீஸ் மொத்தமும் உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் பொருளாளர் நல்லபெருமாள் குனிந்து கிசுகிசுத்தார். "வாசிங்க அண்ணாச்சி. டீ ஆறுதுல்லா."

வாசித்தார்.

தன்னலமற்ற தொண்டர். அதிர்ந்து பேசாதவர். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர்.

பெயர் வந்த இடத்திலெல்லாம் சங்கரபாண்டியன் என்று மாற்றிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நாக்கு சறுக்கிவிட்டது. மாசிலாமணி என்றே வாசித்துவிட்டார்.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சங்கரபாண்டியனின் மனைவி தாம்பாளத்துப் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண்தான் அழுதாள்.

மாசிலாமணியின் மனைவி.