பக்கத்துப் பெட்டியின் குரல்

பாட்டு தொடங்கியதும் ஏனோக் தலையைக் குனிந்துகொண்டான்.

கைதிகளைக் கடல் கடத்திக் கொண்டுவந்து அடைக்கும் போர்ட் ஆர்தரின் தனிமைச் சிறையில் வாரம் முழுக்க ஒரு கைதியும் வாயைத் திறக்கக் கூடாது. பெயர் கிடையாது, எண்தான். அறையை விட்டு வெளியே வந்தால் முகமூடி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவாலயத்தில் ஆளுக்கொரு மரப்பெட்டிக்குள் முகமூடியைக் கழற்றி நிற்க வைத்து, தொண்டை கிழியப் பாடச் சொல்வார்கள். கடவுளுக்குக் காது மந்தம் என்று நினைப்பு போலிருக்கிறது.

மற்றவர்களுக்கு அது திருவிழா. பாட்டோடு பாட்டாக, அதே ராகத்தில், பக்கத்துப் பெட்டிக்காரனிடம் ஊர்க்கதை பேசிவிடலாம்.

ஏனோக்குக்கு அதுதான் நரகம். பக்கத்துப் பெட்டியில் நிற்பவன் ஜாபெஸ். போன ஞாயிறே அவன் குரலை வைத்து ஏனோக் கண்டுபிடித்துவிட்டான்.

ஊரில் ஆடு திருடியது இரண்டு பேரும்தான். தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஏனோக் ரகசியமாகப் போய் ஜாபெஸைக் காட்டிக்கொடுத்தான். ஜாபெஸை இந்தச் சிறைக்குக் கப்பலேற்றினார்கள். அப்புறம் வேறொரு திருட்டில் ஏனோக்குக்கும் அதே கடல்தான் வாய்த்தது.

ஜாபெஸுக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? 'காட்டிக்கொடுத்தவன்' என்று பாட்டில் ஒரு வரி போனால் போதும். தனிமைத் தண்டனை முடிந்து கல் உடைக்கும் கூட்டத்துக்குத் திரும்பும்போது யாருடைய சுத்தியலாவது கை தவறி ஏனோக்கின் மண்டையில் விழும். அப்படி விழுந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

முகத்தைப் பெட்டிப் பலகை மறைத்துவிடும். குரலை எது மறைக்கும்? ஏனோக் உதட்டை மட்டும் அசைத்தான்.

"யோவ் பதினேழு!" மேலே நின்ற காவலன் கத்தினான். "வாய்தான் அசையுது, சத்தத்தக் காணோமே. பாடுறியா, இல்ல இருட்டறைக்குப் போறியா?"

இருட்டறைக்குப் போய் வந்த ஒருவன் இன்னமும் பகலில்கூடச் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறான்.

ஏனோக் பாடினான். நடுங்கி நடுங்கிப் பாடினான்.

பக்கத்துப் பெட்டியில் பாட்டு சட்டென்று நின்றது.

செத்தோம் என்று நினைத்தான்.

பிறகு அந்தக் குரல் தழுதழுத்தபடி மெல்ல ராகத்தில் வந்து சேர்ந்தது.

"தம்பி, நீயாடா? ஐயோ, உன்னையும் கொண்டாந்துட்டாங்களா? நம்ம அம்மா உசுரோட இருக்காளாடா? என்னைக் காட்டிக்குடுத்த அதே நாய்தான் உன்னையும் காட்டிக்குடுத்துச்சா?"

காவலன் ஏனோக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டில் இன்னும் ஒரு சரணம் மீதி இருந்தது.