ஒன்பதாவது ஞாயிறு

"தேத்தண்ணி குடிச்சாப் பிறகு கதைப்பம் டொக்டர். இரிங்க."

"தேத்தண்ணி வேணாம் ஹாஜியார். தாறதெண்டா ஓம் எண்டு சொல்லுங்க. இல்லெண்டா இல்லெண்டு சொல்லிப்போடுங்க."

டொக்டர் பூபாலசிங்கம் உட்காராமல் நின்றார். ஆதம்பாவா ஹாஜியாரோ காதில் விழாதவர்போல மண்ணெண்ணெய் அடுப்பில் கேத்தலை வைத்தார்.

கல்முனையில் அரிசி மில், இரண்டு துணிக்கடை, மூன்று லொறி. அத்தனைக்கும் சொந்தக்காரர் மில்லின் மேல்மாடியில், ஒரு கட்டிலும் இரண்டு கதிரையும் மட்டுமே கொள்ளும் அறையில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. கேத்தல் கொதிக்கும் சத்தம்தான் அங்கே பெரிய சத்தம்.

டொக்டருக்கு இது ஒன்பதாவது ஞாயிறு. போன கார்த்திகைச் சூறாவளி, அவர் வேலை பார்க்கும் வயற்புறத்து டிஸ்பென்சரியின் பிள்ளைப்பேற்று வாட்டுக் கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஹாஜியார் பள்ளிக்கூடத்துக்கு மாடிக் கட்டிடம் கட்டிக் கொடுத்தவர், கேட்டால் தருவார் என்று ஊரே சொன்னது. அதை நம்பி, சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் பயற்றம் பணியாரப் பொட்டலத்தோடு முதன்முதலாக இந்தப் படியேறினார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து வருகிறார். வந்தால் தேநீர், ஊர்க்கதை, உபசாரம் எல்லாம் உண்டு. காசுப் பேச்சு வந்தால் மட்டும், "அடுத்த ஞாயிறு வாங்க டொக்டர், பாப்பம்."

கல்லில் நார் உரிக்கலாம், இந்த மனுசனிடம் ஒரு கூரைத் தகடு வாங்க முடியாது என்று டொக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கட சின்ன மகனுக்குத் தொண்டை நோவு சுகமா?" என்று ஹாஜியார் கேட்டார். "போன கிழமை சொன்னீங்களே."

"சுகம்."

"அல்ஹம்துலில்லாஹ். சீனி ரெண்டு கரண்டிதானே?"

"ஹாஜியார்!"

"பகல் சோறும் இங்கயே திண்டுட்டுப் போங்க. இண்டைக்குச் சோறு அனுப்புறது மூத்த மகள்ர முறை. எப்பவும் ரெண்டு பேருக்குக் காணும்."

நான்கு மகள்மார், நான்கு கல்வீடு. நான்கும் சீதனமாகப் போய்விட்டன. கடைசி மகளுக்கு எழுதியது, அவரும் மனைவியும் வாழ்ந்த வீடு. மனைவி மௌத்தாகி, அடக்கம் முடிந்து நாற்பது நாள் கழிந்ததும் உடுப்புப் பெட்டியோடு மில்லுக்கு வந்துவிட்டார்.

"மகளோட இருந்திருக்கலாமே?" என்று டொக்டர் ஒரு ஞாயிறு கேட்டிருக்கிறார்.

"எங்கட பக்கத்துச் சங்கதி உங்களுக்குத் தெரியாததா? பொஞ்சாதி இருந்தாத்தான் ஆம்புளைக்கு வீடு. மருமகன் தங்கமான ஆள். நான் உள்ளுக்குப் போனா எழும்பி நிக்கிறார். அவர் நிக்க நான் எப்பிடி இரிக்கிற?"

அன்று பாவமாகத்தான் இருந்தது. இன்று அந்தப் பாவமெல்லாம் தீர்ந்துவிட்டது. ஹாஜியார் இரண்டு கோப்பைகளிலும் தேநீர் ஊற்றியபடி பழைய குறையை எடுத்தார்.

"மாடிக் கட்டிடத்துக்குப் பள்ளிக்கூட அதிபர் எத்தின நாள் என்னட்ட நடந்தார் தெரியுமா? திறப்பு விழாவில மாலை போட்டார். பேர்க்கல்லும் வெச்சார். அதுக்குப் பிறகு ஆள் இந்தப் பக்கமே இல்ல."

பெரிய மனிதருக்கு இன்னும் மாலை போதவில்லையாக்கும் என்று டொக்டர் நினைத்தார். பொறுமை போயிற்று.

"ஹாஜியார், முந்தநாள் கச்சான் காத்து, வாட்டுக்கு மேல கட்டியிருந்த தறப்பாளக் கிழிச்சுப்போட்டு. முனவ்வறா எண்டு ஒரு புள்ள, தலைப்பிரசவம். அங்க வெச்சுப் பாக்க வழியில்லாம ட்ரெக்டர்ப் பெட்டியில கல்முனைக்கு ஏத்தினன். பாதி வழியில, வயல் நடுவில, பெட்டிக்குள்ளயே பெத்தா. தாயும் புள்ளையும் தப்பினது ஆண்டவன் செயல். மாதக் கடைசிக்குள்ள கூரை இல்லாட்டி வாட்டை மூடுறதெண்டு சுகாதாரக் கந்தோரால கடிதமும் வந்திட்டு. அடுத்த ஞாயிறு நான் வரமாட்டன்."

 ஹாஜியார் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"வரமாட்டீங்களா?"

"மாட்டன்."

 ஹாஜியார் எழுந்து, மேசை லாச்சியை இழுத்து, ஒரு கடித உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"பிழை என்னிலதான் டொக்டர். அந்தப் புள்ளையும் என்னை மன்னிக்கணும்."

கொடுத்தவர் முன்னால் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. டொக்டர் நன்றி சொல்லி உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கால் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டது.

"டொக்டர்... கூரை போட்டாப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையில இந்தப் பக்கம் வருவீங்களா?"

"வேலை கூடுதல் ஹாஜியார். பாப்பம்."

 டொக்டரின் கோப்பையில் தேநீர் அப்படியே இருந்தது.

பஸ் புறப்பட்ட பிறகுதான் டொக்டர் உறையை எடுத்தார். புது உறை இல்லை. ஓரங்கள் நைந்து, ஒரு மூலையில் எண்ணெய் விரல் பட்ட கறையோடு இருந்தது. உள்ளே காசோலை. கேட்ட தொகையில் ஒரு சதம் குறையவில்லை. மனுசன் பேரம் பேசாமலே கேட்டதையெல்லாம் தந்துவிட்டாரே என்று வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் திகதியைப் பார்த்தார்.

15.4.1979. வருடப்பிறப்புக்கு மறுநாள், அந்த முதல் ஞாயிறு.