பொருந்தாத எழுத்து

நாலாவது தரமும் நயினாதீவிலிருந்து லோஞ்சிலே கடல் கடந்து, பஸ்ஸும் ஏறி, வேலணையில் பேராசிரியர் குணநாயகத்தின் வீட்டு விறாந்தையில் வந்து நின்றாள் கஜானி.

முதல் மூன்று தரமும் அவள் ஆய்வேட்டில் அவர் பிடித்தது ஒரே பிழையைத்தான்.

"வசனம் ஒரு எழுத்திலை கிடக்கு, சமன்பாடு வேறை எழுத்திலை கிடக்கு. பட்டு வேட்டிக்குச் சாக்காலை ஒட்டுப்போட்ட மாதிரி. கணக்கைப் பிறகு பாப்பம். முதல்லை இதைத் திருத்தும் பிள்ளை."

லேடெக் மென்பொருளில் அவள் ஓர் எழுத்துருவைத் திருத்த இன்னொன்று குழம்பும். அப்படியே எட்டு மாதம் போயிற்று. இப்போதுதான் நூற்றெண்பது பக்கமும் ஒரே எழுத்தில் வந்திருக்கிறது.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஓம், வலு வடிவு. இனி ஒரு குறையும் சொல்லேலாது."

கஜானிக்குக் கண் கலங்கியது. "அப்ப சமர்ப்பிக்கலாமோ, சேர்?"

"அதுதான் ஏலாது. இந்தக் கணக்கெல்லாம் போன கிழமை ஒரு ஆய்வுச் சஞ்சிகையிலை வந்திட்டுது. இனி நீர் குடுத்தா, களவெடுத்தனீர் எண்டுதான் சொல்லுவினம்."

சஞ்சிகையை அவள் பக்கம் தள்ளினார். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஒரேயொரு பெயர் இருந்தது: குணநாயகம்.

கஜானி பக்கத்தைப் புரட்டினாள். வசனம் ஒரு எழுத்தில் இருந்தது. சமன்பாடுகள், அவள் முதல் தரம் கொண்டுவந்து கொடுத்த அதே எழுத்தில் இருந்தன.

அதைத் திருத்த அவர் மினக்கெடவேயில்லை.