புதுக் கைப்பிடி

குளியலறைக் குழாயின் குமிழை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித் திருகினாள் தமயந்தி.

அசையவில்லை. ஈரத்தில் வழுக்கியது.

"ஏனுங்க..."

நாச்சிமுத்து வந்து குழாயைத் திறந்துவிட்டுப் போனார்.

ஐந்து மாதமாக இப்படித்தான். முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. வட்டமான எதையும் அவளால் இறுகப் பிடிக்க முடியாது.

திறக்க ஒரு தடவை கூப்பிட வேண்டும். சோப்புப் போட மூடச் சொல்லி ஒரு தடவை. நுரையோடு நின்று மறுபடி ஒரு தடவை.

வருவது கணவர்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஆனாலும் அந்த மூன்றாவது தடவை, தன் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

பிளம்பர் வந்து பார்த்தார்.

"வால்வு செவுத்துக்குள்ளார இருக்குதுங்க. இப்ப வர்ற நீளப் பிடி எதுவும் இதுக்குச் சேராது. டைல்ஸ ஒடச்சு வால்வையே மாத்தோணும்."

"வால்வு ஒழுகுதா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் எதுக்குங்க அத ஒடைக்கோணும்?"

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருடம் பாகங்களை அளந்து பார்த்து அனுப்பியவள் அவள். அளக்காமல் எதையும் ஆகாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

கடையில் நீளமான பிடி ஒன்று வாங்கினாள். முழங்கையாலேயே தள்ளலாம். நாச்சிமுத்து பழைய குமிழைக் கழற்றினார். சுவரிலிருந்து பித்தளைத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. நுனியைச் சுற்றிப் பொடிப் பற்கள். புதுப் பிடியின் துளையிலும் பற்கள் இருந்தன.

இரண்டும் சேரவில்லை.

"அவன் சொன்னது சரிதா போல, அம்மிணி."

அவள் குமிழைத் திருப்பிப் பார்த்தாள். அதன் நடுவில் ஒரு பித்தளைத் துண்டு, அதில் அந்தத் தண்டுக்கென்றே பல் வெட்டிய துளை.

குமிழ் வேண்டாம். நடு மட்டும் போதும்.

வெர்னியர் அளவுகோலை அவர் பிடித்தார். அளவை அவள் படித்தாள்.

லேத்துப் பட்டறையில் மெஷின் பக்கத்திலேயே நின்றாள்.

"குமிழச் சுத்தியும் கடஞ்சு எடுத்துருங்க. நடுவுல இருக்கற பித்தளை மட்டும் எனக்கு வேணும். புதுப் பிடியோட துளையப் பெருசாக்கி, அதுக்குள்ள இத இறுக்கமா எறக்குங்க. சுத்தாம இருக்கப் பக்கத்துல ஒரு ஸ்க்ரூ."

பட்டறைக்காரர் அவள் கைகளைப் பார்த்தார். அளவைச் சொன்னாள். அவர் ஒரு முறை அளந்து பார்த்தார்.

சரியாக இருந்தது.

பிறகு அவர் அவள் கைகளைப் பார்க்கவில்லை.

வீட்டில் மாட்டியபோது, தண்டையும் சுவரையும் மூடும் வட்டத் தகட்டில் பிடி உரசியது. நாச்சிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"தகட்டக் கழட்டுங்க. ஓரத்துல ரெண்டு மில்லி அராவோணும். அவ்வளவுதா."

அராவினார். திரும்ப மாட்டினார்.

முழங்கையால் தள்ளினாள். பிடி அரைச் சுற்று நகர்ந்தது. தண்ணீர் கொட்டியது. திருப்பித் தள்ளினாள். நின்றது. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

மறுநாள் காலை அவர் வழக்கம்போலக் குளியலறை வாசலில் வந்து நின்றார்.

"நீங்க போயி பேப்பர் படிங்க மாமா."

"கூப்புடுவியா?"

"மாட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் போகவில்லை.

உள்ளே தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. சோப்புப் போடுகிறாள்.

சத்தமே இல்லை.

அவர் கை தானாகக் கதவுக்கு நீண்டது.

தொடுவதற்குள் தண்ணீர் மறுபடி விழத் தொடங்கியது.