அப்பா கட்டிய ஹாஸ்டல்

பழைய கல்லூரி ஹாஸ்டலை யாரோ வாங்கிவிட்டார்கள். அறையில் என்னென்ன மாற்றலாம் என்று கேட்க, அதைக் கட்டிய இன்ஜினியரான அப்பாவையே மகன் காரில் அழைத்து வந்திருந்தான். மற்ற அறைகளின் கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன.

"ஜன்னலை இறக்கிடலாமாப்பா? ரோடே தெரியலை."

"தெரியக் கூடாதுன்னுதான்டா அவ்வளவு உயரத்துல வச்சேன். பசங்க வேடிக்கை பார்ப்பானுங்க."

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லையே?"

"எதுக்கு? போட்டுக்கிட்டுத் தூங்கவா? வெளியில மட்டும்தான். அது வார்டன் கையில."

"சுவரைத் தட்டினா பக்கத்து ரூமுக்குக் கேக்குமா?"

"கத்தினாலே கேக்காது!" பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாதுன்னு சொல்லிடு. நீயும் இதே ரூம்ல இருந்துதானே ஆளானே?"

"தினமும் அழுதேன்பா. நீங்க கண்டுக்கலை."

"அதனாலதான் இன்னிக்கு நல்லா இருக்கே!" என்று சிரித்தார்.

மகன் வராந்தாவுக்கு வந்து மேனேஜரிடம் சொன்னான். "அப்பாவுக்கு ரூம் ரொம்பப் பிடிச்சிருக்கு. எதையும் மாத்த வேணாமாம்."

"முதியோர் இல்லத்துக்கு வர்றவங்க முதல் நாள் அழுவாங்க சார். இவர்தான் சிரிச்சுக்கிட்டே சேர்றார்."

மேனேஜர் பெரியவரின் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டார்.

பெரியவர் கத்தினார். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை.