டாட்டா ஒத்திகை

“அஞ்சு நிமிஷம் ஆச்சு. உள்ள ஒரு சத்தத்தையும் காணோம்” என்றாள் அவள், மூடிய கதவில் காதை ஒட்டவைத்தபடி.

“சத்தம் இல்லைன்னா நல்லதுதானே?” என்றான் அவன். லிஃப்ட் மெக்கானிக். சும்மா இருக்கத் தெரியாத கை. அந்த ஐந்து நிமிடத்துக்குள் கதவின் தளர்ந்த கீல் ஒன்றை, சட்டைப்பையில் இருந்த திருப்புளியால் முறுக்கிவிட்டிருந்தான்.

காய்கறிப் பையோடு படியேறி வந்த எதிர்வீட்டு அம்மா, இருவரும் கதவுக்கு வெளியே நிற்பதை மாறி மாறிப் பார்த்தார். கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே உள்ளே போய்விட்டார்.

மகள் சிட்டுவுக்கு மூன்றரை வயது. அடுத்த திங்கட்கிழமை மழலையர் பள்ளியில் விட வேண்டும். முதல் நாள் அழாமல் இருக்க வீட்டிலேயே பழக்குங்கள் என்று பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். டாட்டா சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். சொல்லாமல் நழுவக் கூடாது. முதல் நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து, அப்புறம் கால் மணி, அரை மணி. அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. மருந்துச் சீட்டைப் படிப்பது போலவே அந்தத் தாளையும் ஓர் எழுத்து விடாமல் படித்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். இப்போது உள்ளே குழந்தைக்குத் துணையாக அவளுடைய தங்கை இருந்தாள்.

கதவைத் திறந்தார்கள். சிட்டு, வாளியின் விளிம்பில் துணிக் கிளிப்புகளை வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “வந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கிளிப்பை எடுத்தாள். ஒரு தடவைகூட உங்களைக் கேட்கவில்லை என்று தங்கை சொன்னாள்.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளோ ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தாளை இன்னொரு தடவை படித்தாள். “இதை விளையாட்டுன்னு நினைச்சுட்டிருக்கா. நிஜமா விட்டுட்டு வர்றப்ப ஊரையே கூட்டப் போறா பாருங்க.”

மறுநாள் பத்து நிமிடம். அதற்கு மறுநாள் கால் மணி. சிட்டு கதவு வரைக்கும் வந்து கையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாளே தவிர, முகம்கூடச் சுருங்கவில்லை. இவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்டவரிடம் காய்ச்சல் மாத்திரையை எடுத்து நீட்டினாள். குழந்தை அழுதால் கவலைப்படலாம். அழாமல் இருப்பதற்கு என்ன வைத்தியம் என்று தங்கையிடம் கேட்டு, திட்டு வாங்கிக்கொண்டாள்.

அரை மணி நேர ஒத்திகைக்குப் பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோய், அங்கிருந்த பெஞ்சில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். அவன் போனைத் தேய்த்தான். அவள் போகிற பேருந்துகளை எண்ணினாள். கடைசியில், முதல் நாள் யார் கூட்டிப் போவது என்ற பேச்சு வந்தது. ஒருவர் வந்தால் போதும் என்று தாளில் போட்டிருந்தது. அவன் ஏற்கெனவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அவளும்தான்.

“அழுதா அவ என்னைத்தான் தேடுவா” என்றாள்.

“ஏன், என்னைத் தேட மாட்டாளா?”

குரல் ஏறியதில், பக்கத்தில் நின்றவர் நாலடி தள்ளிப் போய் நின்றார்.

“சரி, ரெண்டு பேருமே போவோம்” என்று அவளே இறங்கி வந்தாள். “ஆனா அங்க வந்து எதையும் ஆரம்பிக்காதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் பையை அடுக்கினாள், பிரித்தாள், மறுபடி அடுக்கினாள். மாற்றுடை இரண்டு, நான்கானது. அவன் மூன்று முறை போன் செய்து, புது ஷூ காலைக் கடிக்கிறதா, தண்ணீர்ப் பாட்டிலைச் சிட்டு தானாகவே திறக்கிறாளா என்று கேட்டான்.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் ஒரே அழுகை. ஒரு குழந்தை கேட் கம்பியை விட மறுத்தது. இன்னொன்று அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துத் தொங்கியது. நடுவில் சிட்டு, ஒரு கையை அம்மாவிடமும் ஒரு கையை அப்பாவிடமும் கொடுத்துக்கொண்டு வந்தாள். வகுப்பு வாசலில் இரண்டு கைகளையும் தானாகவே உருவிக்கொண்டாள். குனிந்து ஷூவைக் கழற்றி வைத்தாள்.

“டாட்டா. சண்டை போடாம போங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் அசந்துபோனார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததில்லையாம். “என்ன செஞ்சு பழக்குனீங்க? மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன்” என்றார். அவன் தாளில் இருந்ததைத்தான் செய்தோம் என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டான். அவள் மட்டும் கிளம்பவில்லை. இப்போது அழுவாள், இதோ இப்போது அழுவாள் என்று சுவரோரமாகவே நடந்து, வகுப்பறை ஜன்னலுக்கு வந்துவிட்டாள். அவனும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தான்.

உள்ளே மூலையில் ஒரு சின்னப் பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். சிட்டு அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாவாடை நுனியால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

“அழாத” என்றாள் சிட்டு. “அம்மா வீட்டுலேருந்து அப்பா வீட்டுக்குப் போறப்ப நானும் அழுவேன். அப்பா வீட்டுலேருந்து அம்மா வீட்டுக்கு வர்றப்பவும் அழுவேன். இப்பல்லாம் அழறதில்ல. பழகிடும்.”