கண்ணை மூடினால் வரும் கோடு

மனைவி இறந்த பிறகு அவனுக்குத் தலைசுற்றல் வந்தது. கைபேசிக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பது அவன் வேலை. சமநிலைச் சோதனையில் தேறாமல் இனிக் கோபுரத்தில் கால் வைக்கக் கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

பிசியோதெரபி மையத்து அக்கா அவன் இடுப்பில் சென்சார் பட்டையைக் கட்டினாள். முதலில் கண்ணைத் திறந்து நின்றான், பிறகு மூடி நின்றான். முடிவு திரையில் இரண்டு கோடுகளாக வந்தது.

"கண்ணைத் திறந்திருந்தப்ப உடம்பு இப்படி ஆடியிருக்கு," என்று நெளிந்து கிடந்த கோட்டைக் காட்டினாள். "மூடினா எல்லாருக்கும் இன்னும் அதிகமா ஆடும். உங்களுக்கு ஆட்டமே இல்ல, கோடு நேரா இருக்கு. மேஜையைப் பிடிச்சீங்களா?"

"இல்லக்கா."

"காப்பியடிச்ச பையன் மாதிரி முழிக்காதீங்க தம்பி. யாராவது தாங்கிப் பிடிச்சாத்தான் கோடு இப்படி வரும்."

அவனை அறையின் நடுவில் நிறுத்தி, கைகளை மார்போடு கட்டச் சொல்லி, மறுபடியும் எடுத்தாள். கண்ணை மூடியதும் அதே நேர்க்கோடு வந்தது.

"கம்பெனி கண்ணைத் திறந்த கணக்கைத்தான் பார்க்கும். அதுல நீங்க தேறல," என்றாள். "கண்ணை மூடிக்கிட்டு ஏறுற வேலைன்னா இப்பவே கையெழுத்துப் போட்டுடுவேன்."

"பயிற்சி செஞ்சா சரியாயிடுமா?"

"ஆயிடும். அப்புறம் கண்ணை மூடினா உங்களுக்கும் ஆடும், ரெண்டு கோடும் எல்லாருக்கும் வர்ற மாதிரி வந்துடும்."

யோசித்துச் சொல்வதாகக் கூறி வெளியே வந்தான். மாடிப்படியின் உச்சியில் நின்று, மனைவியை நினைத்துக் கண்ணை மூடினான். கைப்பிடியைத் தொடாமல், கடைசிப் படி வரை நிதானமாக இறங்கிப் போனான்.